முதலில் பார், பிறகு தொடு

செவ்வாய்க்கிழமை மாலை கிள்ளானில் பெய்த மழை சாதாரண மழையன்று. இடியோசையில் வீட்டுச் சன்னல்கள் அதிர்ந்தன. ஒரு மின்னல் வெட்டியபோது விளக்குகள் எல்லாம் ஒரு முறை மங்கி மீண்டும் எரிந்தன. வரவேற்பறையின் மூலையில் இருந்த மேசைக் கணினி அந்தக் கணமே அணைந்துபோனது. அதன்பின் எத்தனை முறை பொத்தானை அழுத்தியும் அது இயங்கவில்லை.

மறுநாள் பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்த யாழினி, பையைக்கூடக் கழற்றாமல் கணினியின் முன் அமர்ந்தாள். படிவம் நான்கில் பயிலும் அவள், வெள்ளிக்கிழமைக்குள் வரலாற்று இடுபணியை ஒப்படைக்க வேண்டும். அதில் முக்கால் பகுதி அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. அம்மாவின் தையல் கணக்கும் குடும்பத்தின் எட்டு ஆண்டுப் படங்களும் அதற்குள்தான் இருந்தன.

“பழைய கணினி. தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதுதான் நல்லது,” என்றான் அண்ணன் கதிரவன்.

“புதியது வாங்கினால் இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது. இந்த மாதம் அதற்கு எங்கே போவது?” என்றார் அம்மா.

சாய்வு நாற்காலியில் இருந்த தாத்தா செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைபேசி இணைப்பகத்தில் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கணினியைப் பழுதுபார்த்துப் பழக்கம் இல்லாதவர். விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டுபவர். இருந்தாலும் அவர் எழுந்து கணினியின் அருகில் வந்தார்.

“அதற்கு என்ன ஆயிற்று, யாழினி?”

“ஓடவில்லை, தாத்தா.”

“ஓடவில்லை என்பது நம்முடைய முடிவு. நான் கேட்பது அதன் அறிகுறியை. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை? ஒன்றையும் தொடாதே. பார்த்து எழுது.”

யாழினி குறிப்பேட்டை எடுத்தாள். பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வரிசையாக எழுதினாள். பெட்டியின் விளக்கு எரியவில்லை. விசிறி சுழலவில்லை. எந்த ஓசையும் இல்லை. திரையின் ஓரத்தில் உள்ள சிறுவிளக்கும் எரியவில்லை.

தாத்தா கடைசி வரியைச் சுட்டிக்காட்டினார். “பெட்டியும் திரையும் தனித்தனிப் பொருள்கள். பெட்டி கெட்டுப்போனாலும் திரையின் விளக்கு எரிய வேண்டுமே! இரண்டும் ஒரே நேரத்தில் உயிரிழந்திருக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவானது எது?”

யாழினி கம்பிகளைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். இரண்டு கம்பிகளும் மேசைக்கு அடியில் கிடந்த ஒரே மின் நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன.

“நீட்டிப்புப் பலகை!”

“அது உன் ஊகம். ஊகத்தைச் சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும்.”

அவள் மேசை விசிறியைக் கொண்டுவந்து நீட்டிப்புப் பலகையில் செருகினாள். விசிறி சுழலவில்லை. அதையே சுவரில் உள்ள மின்செருகியில் செருகியதும் விசிறி சுழன்றது. ஆக, சுவர்வரை மின்சாரம் வருகிறது. நீட்டிப்புப் பலகையைத் தாண்டித்தான் வரவில்லை. இரண்டு நிமிடச் சோதனையில், வீட்டின் மின்னிணைப்பைச் சந்தேகப்படத் தேவையில்லை என்பது உறுதியாயிற்று.

அந்த நீட்டிப்புப் பலகை மின்னெழுச்சியைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அருகில் மின்னல் இறங்கும்போது மின்கம்பியில் மின்னழுத்தம் ஒரு கணம் மிக அதிகமாக உயரும். இத்தகைய பலகையினுள் இருக்கும் காப்பு உறுப்பு அந்த எழுச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, பின்னால் உள்ள கருவிகளைக் காக்கிறது. எழுச்சி அளவுக்கு மீறினால் உறுப்பு எரிந்துபோகும். சில பலகைகள் அதன்பின் மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிடும். மலேசியா, இடிமின்னல் மிகுதியாக உள்ள நாடுகளில் ஒன்று. அதனால் இத்தகைய பலகை இருந்தாலும்கூட, மழை தொடங்கும் முன்பே கணினியின் செருகியைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. இணையக் கம்பி வழியாகவும் எழுச்சி வரக்கூடும் என்பதால் அதையும் கழற்ற வேண்டும். மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போது கம்பிகளைத் தொடக்கூடாது.

பெட்டியையும் திரையையும் நேரடியாகச் சுவரில் இணைத்தாள் யாழினி. பொத்தானை அழுத்தியதும் பெட்டியின் விளக்கு எரிந்தது. விசிறியும் சுழன்றது. அவள் கைதட்டப் போனாள். ஆனால் திரையில் படம் தோன்றவில்லை. பெட்டியினுள்ளிருந்து ‘பீப்’ என்ற நீண்ட ஒலி விட்டு விட்டுக் கேட்டது.

“மின்னல் உள்ளேயும் புகுந்துவிட்டது போலிருக்கிறது,” என்றார் அம்மா கவலையுடன்.

கதிரவனின் முகம் மாறியது. சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினான்.

“இல்லை, அம்மா. நேற்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு நான் பெட்டியைத் திறந்தேன். கையில் பட்ட கம்பிகளை எல்லாம் கழற்றி மாட்டினேன். நினைவகத்தையும் எடுத்துப் பார்த்தேன். எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்று எனக்கே நினைவில்லை. மின்வழங்கியையும் திறக்க நினைத்தேன். அதன் திருகாணிக்கு ஏற்ற திருப்புளி கிடைக்காததால் விட்டுவிட்டேன்.”

தாத்தா கோபப்படவில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் பேரனின் கையைப் பற்றிக்கொண்டார்.

“திருப்புளி கிடைக்காமல் போனது நம் நல்ல காலம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை, கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் மின்சாரமாக மாற்றித் தருவது மின்வழங்கி. அதனுள் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. செருகியைக் கழற்றிய பிறகும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. கணினிப் பெட்டியைத் திறக்கலாம். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. அது கெட்டுப்போனால் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.”

பிறகு அவர் தம் பணிக்கால அனுபவத்தைச் சொன்னார். தொலைபேசி இணைப்பகத்தில் வரிசை வரிசையாக ரிலேக்கள் இருக்கும். ஓர் இணைப்பு செயலிழந்தால், புதிய தொழில்நுட்பர்கள் அவசரத்தில் நான்கைந்து உறுப்புகளை ஒரே சமயத்தில் மாற்றிவிடுவார்கள். சில வேளைகளில் இணைப்பு சரியாகிவிடும். எதனால் சரியானது என்று அவர்களால் சொல்ல முடியாது. மேலும் சில வேளைகளில், பழைய பழுதுடன் புதிய பழுது ஒன்றும் சேர்ந்துவிடும். மூத்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் இணைப்பின் நடுவில் ஓரிடத்தைச் சோதிப்பார்கள். அதுவரை சரியாக இருந்தால் பழுது மறுபாதியில் இருக்கிறது என்று பொருள். அந்தப் பாதியையும் இரண்டாகப் பிரித்துச் சோதிப்பார்கள். ஒவ்வொரு சோதனையிலும் தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கும்.

“1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்,” என்று தொடர்ந்தார் தாத்தா. “ஹார்வர்ட் மார்க் 2 என்னும் கணினியும் ரிலேக்களால் ஆனதுதான். செப்டம்பர் 9ஆம் நாள் அது சரியாக வேலை செய்யவில்லை. அதை இயக்கியவர்கள் தேடிக்கொண்டே சென்று, ஒரு ரிலேயினுள் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்து எறிந்துவிடவில்லை. எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்புடன் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினிப் பிழையை ‘பக்’, அதாவது பூச்சி, என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்ததுதான். ஆனால் அன்று அவர்கள் உண்மையான பூச்சியையே பிடித்துவிட்டார்கள். அத்தனை ரிலேக்களுக்கு இடையில் ஒரு பூச்சியைக் கண்டுபிடிக்க அதிர்ஷ்டம் மட்டும் போதாது; ஒழுங்கு வேண்டும்.”

கதிரவன் தலையசைத்தான். “இப்போது என்ன செய்யலாம், தாத்தா?”

“ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொன்றையும் யாழினி எழுதிக்கொள்ளட்டும். அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று முதலில் பார்.”

கணினி தொடங்கும்போது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். குறை இருந்தால், திரையில் காட்ட முடியாத நிலையிலும் ஒலியால் அறிவிக்கும். எத்தனை ஒலிகள், அவை நீண்டவையா குறுகியவையா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். எல்லாத் தாய்ப்பலகைகளுக்கும் ஒரே குறியீடு இல்லை. அதனால் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி பொருத்தப்படாத கணினிகளில் இந்த ஒலி கேட்காது. சிலவற்றில் சிறுவிளக்குகள் அந்த வேலையைச் செய்யும். கதிரவன் தாய்ப்பலகையின் பெயரைப் பார்த்து, கைப்பேசியில் அதன் கையேட்டைத் தேடி எடுத்தான். விட்டு விட்டுக் கேட்கும் நீண்ட ஒலி நினைவகக் குறையைக் காட்டுவது என்று அதில் இருந்தது.

கணினியை அணைத்து, சுவரிலிருந்து செருகியைக் கழற்றினார்கள். எஞ்சிய மின்னூட்டம் தீர்வதற்காகப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தார்கள். பெட்டியைத் திறந்ததும், கதிரவன் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டான். நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் நமக்குத் தெரியாமலேயே மின்னணு உறுப்புகளைக் கெடுத்துவிடும். உலோகத்தைத் தொட்டால் அது உடலிலிருந்து நீங்கும்.

உள்ளே இரண்டு நினைவகப் பலகைகள் இருந்தன. இரண்டையும் கழற்றி, செருகுவாயில் படிந்திருந்த தூசியை மென்மையான தூரிகையால் நீக்கினார்கள். பிறகு முதல் பலகையை மட்டும் பொருத்தினான் கதிரவன். இரு முனைகளிலும் சமமாக அழுத்தியபோது பக்கவாட்டுப் பிடிகள் ‘கிளிக்’ என்று மூடிக்கொண்டன. செருகியை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஒரு குறுகிய ஒலி கேட்டது. திரை ஒளிர்ந்தது.

யாழினி துள்ளிக் குதித்தாள். தாத்தா மட்டும் அமைதியாக, “இன்னும் முடியவில்லை,” என்றார். கணினியை அணைத்து, செருகியைக் கழற்றி, முதல் பலகையை எடுத்துவிட்டு இரண்டாவது பலகையை அதே இடத்தில் பொருத்தச் சொன்னார். அதுவும் வேலை செய்தது. பிறகு இரண்டையும் சேர்த்துப் பொருத்தினார்கள். கணினி இயங்கியது. இரண்டு பலகைகளும் நல்லவையே என்பது தெளிவாயிற்று. முதல் நாள் இரவு அவசரத்தில் மாட்டியபோது அவை முழுமையாகப் பதியவில்லை, அவ்வளவுதான். மின்னலின்மேல் போடவிருந்த பழி நீங்கியது.

“உண்மையை நீ சொன்னதால்தான் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் இருந்திருந்தால், மின்னல் எதை எரித்தது என்று ஒவ்வோர் உறுப்பாகத் தேடிக்கொண்டிருப்போம்,” என்றார் தாத்தா பேரனிடம்.

இணையத்தைத் திறக்க முயன்றபோது வேறொரு சிக்கல் எழுந்தது. பல தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கையுடன் நின்றுவிட்டன. யாழினி இம்முறை பதறவில்லை. திரையை முழுவதும் கவனித்தாள். மூலையில் இருந்த தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் அதன் கடிகாரத்தை இயக்குவது, தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம். அதன் ஆற்றல் பல ஆண்டுகளில் தீர்ந்திருந்தது. சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்த வரையில் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. தேதி தவறாக இருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதது என்று கணினி கருதிவிடும். அதனால்தான் அந்த எச்சரிக்கை. அவள் தேதியைத் திருத்தியதும் தளங்கள் திறந்தன. மறுநாள், சில ரிங்கிட் விலையுள்ள சி.ஆர். 2032 வகை மின்கலம் ஒன்றை வாங்கி, கணினியை மின்சாரத்திலிருந்து துண்டித்துவிட்டு மாற்றினார்கள். சிறு குழந்தைகள் விழுங்கினால் பெரும் தீங்கு விளையும் என்பதால், பழைய மின்கலத்தை அம்மா உடனே பத்திரப்படுத்தினார். அதுவும் எரிந்த நீட்டிப்புப் பலகையும் மின்கழிவு சேகரிப்பு மையத்துக்குச் சென்றன.

புதன்கிழமை இரவு, தேதியைத் திருத்திய கையோடு யாழினி இடுபணியைத் திறக்கப் போனாள். தாத்தா தடுத்தார்.

“இடுபணி பத்து நிமிடம் பொறுக்கும். முதலில் எல்லாக் கோப்புகளையும் பிரதி எடு. ‘பாட்டி’ என்று பெயரிட்ட கோப்புறையிலிருந்து தொடங்கு.”

யாழினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்தாம் ஆண்டில் படித்தபோது, பள்ளித் திட்டப்பணிக்காக அவள் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். ரப்பர் தோட்டத்தில் கழிந்த இளமைக் காலம், விடியுமுன் பால்மரம் சீவச் சென்றது, மழை நாளில் வேலையில்லாமல் வீட்டில் அமர்ந்தது என்று பாட்டி நாற்பது நிமிடம் பேசியிருந்தார். பாட்டி மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதிவு அந்த ஒரே கணினியில்தான் இருந்தது. அவளும் மறந்திருந்தாள், கதிரவனும் மறந்திருந்தான். தாத்தா மறக்கவில்லை.

“தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொன்னேனே, தாத்தா,” என்றான் கதிரவன்.

“உறுப்புகளைக் கடையில் வாங்கலாம்,” என்றார் தாத்தா. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது கோப்புகளைக் காப்பதற்குக் கணினித் துறையினர் பரிந்துரைக்கும் எளிய விதி. அன்றிரவே கோப்புகள் அனைத்தும் வெளிப்புற வன்தட்டு ஒன்றில் ஏறின. இன்னொரு பிரதியை விரலியில் ஏற்றி, ஈப்போவில் இருக்கும் அத்தையிடம் கொடுத்து வைப்பதென்று முடிவாயிற்று. பிரதி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வெளிப்புற வன்தட்டில் இருந்த பதிவை யாழினி இயக்கினாள். பாட்டி இருமிவிட்டு, “எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது, கண்ணு?” என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை. தாத்தா தம் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதிவு முடியும்வரை கேட்டார்.

தூங்கப் போகும் முன் யாழினி தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அன்று கற்றவற்றோடு கையேட்டில் படித்தவற்றையும் சேர்த்து எழுதினாள்:

• எதுவுமே எரியவில்லை: சுவர்ச் செருகி, நீட்டிப்புப் பலகை, மின்கம்பி, பெட்டியின் பின்புற விசை ஆகியவற்றை வெளியிலிருந்து உள்நோக்கிச் சோதி.
• விசிறி சுழல்கிறது, படம் இல்லை: திரையின் கம்பியைப் பார். பிறகு நினைவகத்தைப் பார்.
• சில நிமிடம் ஓடி அணைகிறது: வெப்பம் காரணமாக இருக்கலாம். விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்.
• தேதி அடிக்கடி மாறுகிறது: நாணய மின்கலத்தை மாற்று.
• வன்தட்டில் ‘டக் டக்’ என்ற ஓசை: மீண்டும் மீண்டும் இயக்காதே. கோப்புகள் திறந்தால் முக்கியமானவற்றை முதலில் பிரதி எடு. திறக்காவிட்டால் அணைத்துவிட்டு வல்லுநரிடம் கொடு.
• புகை அல்லது எரிந்த வாடை: சுவர் விசையை அணை. பெட்டியைத் தொடாதே. பெரியவர்களை அழை.

அதற்குக் கீழே கதிரவன் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: “எதைத் தொட்டாய் என்பதை எழுதி வை, கேட்பவரிடம் மறைக்காதே.”

சொற்பொருள்

அறிகுறி – ஒரு குறை இருப்பதைக் காட்டும் அடையாளம்
மின்வழங்கி – கணினி உறுப்புகளுக்குத் தேவையான அளவில் மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி
மின்தேக்கி – மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு
மின்னெழுச்சி – மின்னழுத்தம் ஒரு கணம் அளவுக்கு மீறி உயர்தல்
நினைவகம் – கணினி இயங்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பகுதி, ரேம்
விரலி – கோப்புகளை எடுத்துச் செல்ல உதவும் சிறு சேமிப்புக் கருவி

சிந்தித்து விடை எழுதுக

1. நீட்டிப்புப் பலகைதான் பழுதாகியிருக்கும் என்ற ஊகத்துக்கு யாழினி எவ்வாறு வந்தாள்? அதை எவ்வாறு உறுதிப்படுத்தினாள்?
2. கணினி இயங்கிய பிறகும் தாத்தா “இன்னும் முடியவில்லை” என்று கூறியது ஏன்?
3. கதிரவன் உண்மையை மறைத்திருந்தால் பழுது தேடும் வேலை எவ்வாறு மாறியிருக்கும்? விளக்குக.
4. “உறுப்புகளைக் கடையில் வாங்கலாம்” என்று சொன்னபோது தாத்தா சொல்லாமல் விட்டது என்ன?
5. உங்கள் வீட்டில் பழுதான கருவி ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதன் அறிகுறிகளை வரிசைப்படுத்தி, எதை முதலில் சோதிப்பீர்கள் என்பதைக் காரணத்துடன் 80 சொற்களில் எழுதுக.